‘பஸ்’ என்று கேட்ட சொல்

இன்று காலை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறிக் கடையில் கண்ணாடி போடாமல் நின்று, கொத்தமல்லி என்று நினைத்து ஒரு கட்டைக் கூடையில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணீரில் அலசும்போதுதான் வாசம் மூக்கில் ஏறியது. நூல் நூலாக இலை. டில். நீ மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம். அவித்த உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், அதற்கு மேல் அள்ளித் தூவிய இந்த இலை. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். இரசத்துக்கு வைத்த பருப்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. பதினொரு வருடம் தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு என்ன கடிதம்? எழுதியிருந்தாலும் உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் சில விஷயங்களைச் சொல்ல எனக்கு என் மொழியை விட்டால் வேறு வழியில்லை. நாம் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே உன்னை என் தமிழில்தான் பேச வைக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்.

பெக்டனில் ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் அந்தத் தொழிற்சாலை உனக்கு நினைவிருக்கும். சூடான உருளைகளுக்குள்ளால் விரிப்பு வெளியே வரும். ஒரு பக்கத்து நுனிகள் உன் கையில், மறுபக்கத்து நுனிகள் என் கையில். உதறி, மடித்து, நடந்து கிட்ட வருவோம். விரல்கள் முட்டும். விலகிப் போய் அடுத்ததைப் பிடிப்போம். எட்டு மணித்தியாலம் அப்படி. அங்கே வேலைசெய்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிட, அதுதான் என் பெயர் என்று நினைத்து நீயும் அக்கா என்றாய். ஒரு வருடம் கழித்து என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “அப்ப இது ஆர்?” என்று கேட்டாய். உண்மை தெரிந்த பிறகும் நீ மாற்றவில்லை. உன் கைத்தொலைபேசியிலும் நான் அக்காதான்.

தேநீர் இடைவேளையில் நீ உன் ஊருக்குத் தொலைபேசி எடுப்பாய். உங்கள் தலைநகர் வில்னியூஸுக்கு வடக்கே, உட்டேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்று சொல்லியிருந்தாய். நீ பேசுவதில் எனக்கு ஒரு சொல்தான் பிடிபடும். பஸ். அது நிமிடத்துக்கு நாலு தடவை வரும். கடைசியில் ஒருநாள் விரிப்பை மடிக்கும்போது கேட்டேன்.

“உங்கட ஊரிலை பஸ் ஓடுறதில்லையே? எந்த நேரமும் அதைப் பற்றியே கதைக்கிறாய்.”

நீ சிரித்த சிரிப்பில் விரிப்பு கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க அந்தச் சொல்லை எனக்கு விளங்கப்படுத்தினாய். லண்டனுக்கு வருமுன் நீ சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் என்பது அப்போதுதான் தெரியும்.

“அது வாகனமில்லை. ஆளிட்டைப் போறதுக்கும் அந்தச் சொல்தான், ஆளிட்டை இருக்கிறதுக்கும் அந்தச் சொல்தான்.”

“கடைக்குப் போறதுக்கு?”

“கடை ஆளில்லை. அதுக்கு வேற சொல்.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“அதுவும் ஆளில்லை. ஆனால் டாக்டரிட்டைப் போறன் எண்டால், பஸ்.”

எனக்கு உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் அது எங்களிடமும் இருந்தது. டாக்டரிட்டைப் போறன். காசு அவரிட்டை இருக்கு. போவதற்கும் இருப்பதற்கும் எங்களுக்கும் ஒன்றே போதும். எங்களுக்கு அது பெயருக்குப் பின்னால் ஒட்டும், உங்களுக்கு முன்னால் நிற்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னபோது நீ விரிப்பைப் பிடித்தபடி நின்று, “அப்ப இங்கிலிஸ்காரருக்கு மட்டும்தான் இவ்வளவு கஷ்டம்” என்றாய்.

கஷ்டம் எனக்கும் இருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற பெயர் தன் பழைய உருவத்தோடு நிற்காது, வேறு மாதிரி நீளும் என்றாய். அம்மாவுக்கு உங்கள் சொல் ‘மமா’. அம்மாவிடம் என்றால் ‘பஸ் மாமா’. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமா என்றால் எங்களுக்கு யார் என்று சொன்னதும் நீயும் சிரித்தாய். இன்னொரு பெயர் சொல்லித் தா என்றேன். நீ சற்றுத் தாமதித்து, “ரசா” என்றாய். “பஸ் ராசா.”

“ராசா எண்டு நாங்கள் பிள்ளையளைக் கூப்பிடுறனாங்கள்” என்றேன். “ஆர் அது ரசா?”

“மகள்” என்றாய்.

ஒரு வருடத்துக்கு மேலாக எனக்கு முன்னுக்கு நின்றவள் நீ. உனக்கு மகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் அவளை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாய். புருஷன் முன்னமே போய்விட்டார். ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று வந்த நீ, அறைகளில் இருந்தாய். ஒரு அறையில் நாலு பேர், பிறகு மூன்று பேர். பிள்ளையைக் கொண்டுவந்து எங்கே படுக்க வைப்பது என்று ஒரு வருடம், அடுத்த கோடைக்கு என்று ஒரு வருடம். பிள்ளைக்குப் பதினைந்து வயதான பிறகு அவள் தொலைபேசிக்கு வரவில்லை. நீ பேசியதெல்லாம் உன் அம்மாவோடு. அம்மா செத்த பிறகு தேநீர் இடைவேளையில் நீ தொலைபேசி எடுப்பது நின்றது.

‘பஸ் ரசா’ என்றுதான் எனக்குக் கடைசிவரை வாயில் வந்தது. நீ எதிர்ப்பக்கத்திலிருந்து விரிப்பின் நுனியை ஒரு இழுப்பு இழுப்பாய். “ராசா, அக்கா. ராசா.” நான் திருத்திச் சொல்வேன். அடுத்த நாள் மறந்துவிடுவேன்.

இனிச் சொல்வது எனக்குச் சங்கடமானது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பிளாஷெட்டில் நீ குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார் என்று உனக்கு அறிவித்தல் வந்தது. கார்த்திகை மாதம். வேலை முடிந்து நூற்றியோராம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறோம். மழை பக்கவாட்டில் அடிக்கிறது. நீ என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். “அக்கா, உன்னட்டை இரண்டு மாதம் இருக்கலாமா? பஸ் தவெ. உன்னட்டை. வேற இடம் கிடைக்கும்வரை.”

எங்கள் மகள் மான்செஸ்டருக்குப் படிக்கப் போயிருந்தாள். மேலே சின்ன அறை சும்மா கிடந்தது. ஒரு தையல் மெஷின், இரண்டு சூட்கேஸ். வேறொன்றும் இல்லை.

“இவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்றேன்.

என் புருஷனிடம் நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. என் வீடு இருபது வருடம் சத்திரம் மாதிரி இருந்தது உனக்குத் தெரியும். இவரின் தம்பி குடும்பம், என் தங்கை, ஊரிலிருந்து வந்த ஆட்கள், அவர்களின் ஆட்கள். அந்த வருடம்தான் என் குசினியில் நான் மட்டும் நிற்கிற நிலைமை வந்திருந்தது. இரண்டு மாதம் என்று வந்தவர்கள் இரண்டு வருடம் இருந்ததைப் பார்த்தவள் நான். இதெல்லாம் காரணம்தான். ஆனால் இதில் ஒன்றையும் நான் உனக்குச் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து உருளைகளின் சத்தத்துக்குள் நீ கேட்டாய், “என்ன சொன்னவர்?”

“அவருக்கு விருப்பமில்லை” என்றேன்.

“பரவாயில்லை” என்று சொல்லி நீ நடந்து கிட்ட வந்தாய். விரல்கள் முட்டின. விலகிப் போனாய்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. இவர் என்னைக் கூட்டிப்போகக் காரில் வருகிற நாட்களில் நீ வழக்கமாகக் கண்ணாடி பக்கம் குனிந்து, “வணக்கம்” என்பாய், இவர் ஏதாவது பகிடி விடுவார். அது நின்றது. வாசலில் காரைக் கண்டால் நீ மற்றப் பக்கத்தால் போனாய். ஒருநாள் இவர் கேட்டார், “உம்மட சிநேகிதிக்கு என்னோட என்ன கோவம்?”

“ஒண்டுமில்லை. களைப்பாக்கும்” என்றேன்.

நீ டகன்ஹாமில் ஒரு அறை எடுத்தாய். ஒரு வீட்டுக்குள் ஆறு அறை, ஆறு பூட்டு. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். ஈரத்தில் உனக்குப் பிடித்த சளி அந்தக் குளிர்காலம் முழுக்க விடவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தாய். முதல் பஸ் பிந்தினால் மற்றதும் போய்விடும். ஆறு மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்கு நாலரைக்கே தெருவில் நின்றாய். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எழுதித் தந்தார்கள் என்றாய். போடுகிறாயா என்று நான் கேட்டதாக நினைவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை நீ வரவில்லை. இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் எனக்கு எதிரே ஒரு புதுப் பெண்ணை நிறுத்தினார். நான் மடித்தேன். நீ ஞாயிறு காலையே உன் அறையில் விழுந்திருக்கிறாய். திங்கள் பின்னேரம்தான் பக்கத்து அறைக்காரர் உன் தொலைபேசி அடித்தும் நீ எடுக்காததைக் கவனித்துக் கதவைத் தட்டியிருக்கிறார். எங்கள் வீட்டு மாடித் தளம் மரம். ஒரு புத்தகம் விழுந்தாலும் கீழே குசினியில் கேட்கும்.

செவ்வாய் மத்தியானம் தெரியாத நம்பர் ஒன்று.

“அக்காங்களா?” என்று ஒரு பெண் குரல். “ஹாஸ்பிட்டல்ல இருந்து பேசறேன். நான் இங்க நர்ஸ். இவங்க போன்ல எமர்ஜென்சிக்கு அக்கான்னு போட்டிருந்தாங்க. தமிழா இருக்கும்னு நெனச்சேன்.”

“ஓம். என்ன நடந்தது?”

அவர் மதுரைப் பெண். பதற்றப்படாமல், ஒன்றொன்றாகச் சொன்னார். பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை. பேச்சுப் போய்விட்டது. ஆங்கிலம் சொன்னால் விளங்குகிறதோ தெரியவில்லை.

“ஒரே ஒரு வார்த்தைதான் வருது. பஸ், பஸ்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கு எங்கயாச்சும் போகணுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை. “அவ இரண்டு பஸ் மாறி வேலைக்கு வாறவ. பிந்திப் போயிடுமெண்டு பயப்படுறா போல” என்றேன். எங்கள் இருவருக்கும் தமிழ் தெரிந்திருந்தது, இருவருக்கும் பஸ் தெரிந்திருந்தது. அதோடு முடிந்தது.

சனிக்கிழமை வாறன் என்றேன். புதுப் பெண் வேலை பழகவில்லை, விடுப்புத் தரமாட்டார்கள். அதுவும் காரணம்தான். வியாழக்கிழமை நான் எடுத்துக் கேட்டபோது அந்த நர்ஸ் சொன்னார், “அப்படியேதான் இருக்காங்க. பஸ்ஸு பஸ்ஸுன்னு அழறாங்க. வந்ததும் கூப்பிடுறோம், கவலப்படாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கோம்.”

நல்ல மனுஷி. உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து நாள், வராத ஒரு வாகனத்துக்கு உன்னைக் காக்க வைத்தோம். அந்த வார்டோடு பேசியவர்களில் அந்தச் சொல்லைத் தெரிந்த ஒருத்தி உண்டென்றால் அது நான்தான். நான் தொலைபேசியின் மறுமுனையில் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நீ ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாய். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் உன் இடது கண் பெரிதாகியது.

“பஸ்” என்றாய்.

“வேலையைப் பற்றி யோசிக்காதை. நான் சொல்லிப்போட்டன்” என்றேன்.

“பஸ். பஸ்.”

உன் இடது கை கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தேடியது. இரண்டு விரலால் அதைப் பிடித்து, உன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தாய். நான் பிழையாகச் சொன்னால் நீ இழுக்கிற அதே இழுப்பு. கதிரையில் இருந்தவள் எழும்பிவிட்டேன்.

“பஸ் கா?” என்று கேட்டேன். ஆரிட்டை? எனக்குத் தெரிந்த கொஞ்சத்தில் அதுவும் இருந்தது.

நீ அழத் தொடங்கினாய். ஐந்து நாளில் முதல்முதல் உன்னிடம் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார். ஆனால் உன்னிடம் பதில் இல்லை. அந்தச் சின்னச் சொல் மட்டும் மிஞ்சி, அதற்குப் பின்னால் வர வேண்டிய பெயர் அழிந்து போயிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. “பஸ்…” அதற்கு அப்பால் மூச்சுத்தான் வந்தது.

“பஸ் ரசா?” என்றேன்.

நீ மறுபடி விரிப்பை இழுத்தாய். அது ஆம் என்பதா, நான் பெயரைப் பிழையாகச் சொன்னேன் என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மதுரை நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். இது பஸ் இல்லை, யாரிடமோ போக வேண்டும், யாரோ வர வேண்டும் என்று சொல்கிறாள். அவர் உன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். “நாங்க தினமும் வரும் வரும்னு…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்தார்கள். அவரும் அதைத்தான் சொன்னாராம். ஆளிடம் என்கிறார், ஆள் யார் என்று சொல்லவில்லை.

நான் திங்கள் வரை நிற்கவில்லை. உன் கைப்பையில் சின்னக் கொப்பி ஒன்று இருந்தது. அதில் நம்பர் இருந்தது. சனிக்கிழமையே வார்டுக்கு வெளியே நின்று உன் மகளுக்கு எடுத்தேன். உன்னைவிட நல்ல ஆங்கிலம் பேசினாள். வில்னியூஸில் ஒரு மருந்துக் கடையில் வேலை என்றாள். பக்கவாதம் எந்தப் பக்கம், எத்தனை மணித்தியாலம் கழித்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள்.

“அவருக்கு உங்களிடம் வர வேண்டும் போலிருக்கிறது, அல்லது நீங்கள் வர வேண்டும்” என்றேன். “பஸ், பஸ் என்று சொல்கிறார்.”

“எனக்கு ஒன்பது வயதில் நானும் அதைத்தான் சொன்னேன்” என்றாள். “கொஞ்சம் பொறு என்றார். நான் பொறுத்தேன்.”

“தொலைபேசியை அவரின் காதில் வைக்கட்டுமா?”

“வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன்.”

ஞாயிறு பின்னேரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை விமானம். நான் அதை உன் காதில் சொன்னேன். வெள்ளி, வெள்ளி என்று ஆங்கிலத்தில் சொன்னேன், விரலில் எண்ணிக் காட்டினேன். உனக்கு விளங்கியதா?

செவ்வாய் பின்னேரம் வேலைச் சட்டையோடேயே வந்தேன். உனக்குக் காய்ச்சல். சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். கண் பாதி மூடியிருந்தது. நான் உன் தலைமயிரை ஒதுக்கிவிட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் சொன்னாய். “பஸ் தவெ.”

உன்னிடம்.

நான் “ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது? நீ கண்ணை மூடிக்கொண்டாய். புதன் காலை நான் புதுப் பெண்ணோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

உன் மகள் வெள்ளிக்கிழமைதான் வந்தாள். தகனத்துக்கு நாள் கிடைக்க இன்னும் ஒரு கிழமை ஆகும் என்றார்கள். அவளுக்கு இங்கே வேறு ஆளில்லை. வீட்டுக்கு வா என்றேன். இவர் சின்ன அறையிலிருந்த தையல் மெஷினைத் தூக்கி எங்கள் அறையில் வைத்தார், சூட்கேஸ்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். எல்லாம் பத்து நிமிடம். உன் நெற்றி அவளுக்கு. உன்னைப் போலவே சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் எழும்பினாள். அழவில்லை. உன் அறையை ஒருநாளில் காலி செய்தாள். பூஞ்சணத்தைப் பார்த்தாள்.

மேனர் பார்க்கில் தகனம். நாங்கள் எட்டுப் பேர். மதுரை நர்ஸும் வந்து பின்வரிசையில் இருந்தார். முடிந்து வெளியே பெஞ்சில் இருந்தபோது உன் மகள் கேட்டாள்.

“கடைசியாக என்ன சொன்னார்?”

“பஸ் என்றார்.”

“அதற்குப் பிறகு?”

அவள் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும். “பஸ் ரசா என்றார்” என்றேன்.

“சரியாக அப்படியேதான் சொன்னாரா?”

“ஓம். பஸ் ரசா.”

அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். “அம்மா பள்ளியில் மொழி படிப்பித்தவர். அந்த இடத்தில் ராசா என்று வர வேண்டும். பிழையாகச் சொல்லியிருக்கமாட்டார்.” அவளின் குரலில் கோபம் இல்லை. “பரவாயில்லை. நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று விளங்குகிறது.”

பிறகு அவளாகவே சொன்னாள். நீ லண்டனுக்குப் போன முதல் குளிர்காலம் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒரே ஒரு வசனமாம். நோரியு பஸ் மாமா. எனக்கு அம்மாவிட்டைப் போக வேணும். நீ பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்வாளாம். அல்லது அம்மம்மா தொலைபேசியைப் பறிக்கும்வரை. “அவருக்கு அது மறந்திருக்கும் என்று நினைத்தேன்” என்றாள்.

உண்மையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்வதென்றாலும் என்ன சொல்வது? உன்னிடம் என்றாய். என்னை மகள் என்று நினைத்தாயா? மகள் கத்திய கத்தல் உன் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து உன் வாயால் வெளியே வந்ததா? இல்லை, மழையில் பஸ் தரிப்பில் நின்று கேட்டதை, என்னிடம்தான், மறுபடி கேட்டாயா? அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். மூன்றும் சரியாகத்தான் வருகிறது.

உன் மகள் சாம்பலோடு போன அன்று பின்னேரம் நான் சின்ன அறையில் அவள் படுத்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். இவர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“நல்ல அறைதானே” என்றார். “அந்த நேரம் உம்மட சிநேகிதி வீடு தேடித் திரிஞ்சவ எண்டனீர். இஞ்சை வந்து இருந்திருக்கலாமே.”

எனக்கு வாய் அடங்கவில்லை. “கேட்டவ” என்றேன்.

“ஆரிட்டை?”

“என்னட்டை.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“உங்களிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு.”

“என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே நீர்.”

“கேக்கேல்லை. உங்களுக்கு விருப்பமில்லை எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன்.”

அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “அதுதான் அவ பிறகு என்னைப் பார்க்கேல்லை” என்றார். எழும்பிக் கீழே போய்விட்டார்.

உன் மகள் எப்போதாவது எழுதுவாள். உன்னை உன் அம்மாவின் குழியில்தான் வைத்தாளாம். நல்லது. நான் தொழிற்சாலையை விட்டுவிட்டேன், தோள் ஏலாது. இவர் இப்போதும் எல்லோருக்கும் பகிடி விடுகிற மனுஷன்தான். கடையில், கோயிலில், பஸ் தரிப்பில் யாராவது இவரைப் பார்த்துச் சிரித்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஏனென்றால், நீ வாழ்ந்த கடைசிக் குளிர்காலம் முழுக்க, இரவல் கேட்ட ஒரு அறையை உனக்கு மறுத்த ஆள் என்றுதான் அவரை நினைத்திருந்தாய். என்னைப் பற்றி ஒரு குறையும் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்று அதே அன்போடு மடித்தாய், அக்கா என்றாய், அவசரத்துக்குக் கூப்பிட என் பெயரைப் போட்டாய். நீ அவர் மேல் வைத்திருந்த மனத்தாங்கல் எனக்கு வர வேண்டியது. விலாசம் மாறிப் போய்விட்டது. இப்போது நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், உன்னிடம் கொண்டுவந்து, இது என்னுடையது என்று சொல்ல வழியில்லாமல்.